படகுக்கு ஏர் ஏறாது

டீசல் புகையை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. காரணம் என் அக்காவின் கணவர்.

சத்தியமங்கலத்துக்கு மேலே, அணைத் தண்ணீரில் ஆள் ஏற்றிப்போகும் படகு எங்கள் இருவருக்கும் பொது. எஞ்சின் வாங்கிப் போட்டது நான், ஓட்டுவது அவர். பாதி ஆயுளை லாரியில் கழித்தவர். லாரிக்காரர்கள் காலையில் வண்டியைக் கிளப்பி, பிரேக்குக்கு ஏர், அதாவது காற்று, ஏறும்வரை நின்ற இடத்திலேயே உறுமவிடுவார்கள். லாரிக்கு அது சரி. படகில் ஏர் பிரேக் ஏது? ஆனால் இவர் எஞ்சினைக் கிளப்பி, கற்பூரம் காட்டி, கரையிலிருக்கும் டீக்கடைக்குப் போய்ப் பேப்பரை முழுக்க மேய்ந்துவிட்டுத்தான் திரும்புவார்.

முதல் நடை எங்கள் கரைப் பூக்காரப் பெண்களுக்கு. அந்த நடையை நம்பித்தான் படகே ஓடுகிறது. ஈரத்துணி போர்த்திய மல்லிகைக் கூடைகளோடு அவர்கள் புகைக்குள் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். மொட்டு விரிவதற்குள் சந்தைக்குப் போக வேண்டும். விரிந்த பூவை எவரும் சீந்தமாட்டார்கள்.

கோயமுத்தூரில் எஞ்சின் விற்றவர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். கிளப்பியதும் ஆயில் பிரஷர் வந்ததா, குளிர்விக்கும் தண்ணீர் வெளியே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். சில நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டியே சூடேற்ற வேண்டும், சூடேறின பிறகுதான் வேகம். கரைக்கு வந்ததும் சற்று நேரம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். நானும் சொன்னேன்.

"ஏனுங் மாமா, சும்மா ஓடுனா சூடே ஏறாதுங்க. டீசல் எரியாம கரி புடிச்சுப்போடுமுங்க."

"எஞ்சினெல்லாம் ஒண்ணுதானுங்க மாப்ள. ஏர் ஏறாம கெளம்பலாமுங்களா?"

எந்த ஏர், எங்கே ஏறுகிறது என்று கேட்க நாக்கு துடித்தது. அக்கா ஊட்டுக்காரரிடம் குரல் உயர்த்துவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. 'ங்க' போட்டுப் போட்டு வாய் புளித்ததுதான் மிச்சம்.

புகைக்குழாய் வாயில் எரியாத டீசலும் ஆயிலும் கருப்புச் சளி மாதிரி வழியும். தண்ணீரில் எண்ணெய் படர்ந்து மினுங்கும். அந்தத் தண்ணீரையே அள்ளி அவர் வாய் கொப்பளிப்பார். பார்க்கவே அருவருப்பாக இருக்கும்.

ஒருநாள் நடுத்தண்ணீரில் எஞ்சின் இருமி, வெள்ளையாகப் புகை கக்கி, நின்றுபோனது. பரிசல்காரர்கள் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் கூடைகளில் பூ விரிந்துவிட்டது. ஒரு பெண் தன் கூடையை அப்படியே தண்ணீரில் கவிழ்த்தாள். "இனி உங்க படகுல கால் வெக்க மாட்டோமுங்க" என்றாள். அவளும் மரியாதையாகத்தான் சொன்னாள்.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தார். டீசல் பீய்ச்சும் நாசில் முழுக்கக் கரி. மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூடு பத்தலீங்க மாப்ள."

எஞ்சினைச் சரிசெய்து பூட்டிய மறுநாள் காலை, அதைக் கிளப்பி ஓடவிட்டுப் போய், வழக்கத்தைவிட ஒரு டீ கூடுதலாகக் குடித்துவிட்டு வந்தார். பூக்கூடைகள் பரிசலில் ஏறிப் பாதித் தூரம் போயிருந்தன. யாருமில்லாத படகில் எஞ்சின் சூடேறிக்கொண்டிருந்தது.