லீக்ஸ் சுவர் வைத்த வீடு

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் அத்தைக்கு ஒரு வீடு இருந்தது. சுவர் லீக்ஸ், ஜன்னல் பீட்ரூட், கூரை மல்லிக்கீரை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாமல் போகட்டும், நான் அதற்குள் உட்கார்ந்து பாண் ரொட்டியும் சீனியும் தின்றவள்.

அத்தை அப்பாவின் தங்கை, கல்யாணமாகாதவர். டிக்கோயா தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களோடு ஒற்றை அறையில் ஆறு பேரில் ஒருவராக இருந்துகொண்டு, ஹட்டனில் துணிக்கடை வேலைக்குப் போய்வந்தார். அந்த வருஷம் தோட்டத்தில் வீடு கொடுக்கும் பட்டியலைப் பார்க்கப் போனவர், திரும்பி வந்து உலை வைத்தார். குடும்பஸ்தர்களுக்குத்தான் வீடாம் என்று அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. விழுந்ததோடு சரி.

அடுத்த வாரமே அத்தை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் குப்பை மேடாகக் கிடந்த துண்டு நிலத்தைக் கூட்டிக் கொத்தி, குச்சியால் மண்ணில் பெரிய வீட்டுப் படமொன்று வரைந்தார். கோடு போன இடமெல்லாம் வெங்காயத்தாள் மாதிரி நிற்கும் லீக்ஸ் நாற்று. நாற்றுக் கொடுத்தது சந்தையின் சிங்கள மரக்கறிக்காரர். தேத்தண்ணிக் கடையிலிருந்து தேயிலைச் சக்கை உரமாக வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் சும்மா நிற்பானேன் என்று களை பிடுங்கினார்கள். ஒரு பாட்டி கூரைக்கு மல்லி தூவினார், கண்டக்டர் ஒருவர் ஜன்னல் நட்டார். ரயில் பாலத்தில் நின்று பார்த்தால், மூடுபனி விலகும்போது பச்சை வீடு மெல்லத் தெரியும். பிறகு காணாமல் போகும். பார்த்தது நிஜந்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

மாலையில் அத்தை அதற்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். கணுக்கால் உயர லீக்ஸை நான் தாண்டிக் குதித்தால் மட்டும் கோபம் வரும். வெறும் மண்ணாக விட்டிருந்த இடைவெளியைக் காட்டி, வாசல் வழியாக வரச் சொல்வார்.

எனக்கோ அந்த வெறும் மண் கண்ணை உறுத்தியது. பாவம், ஏதோ நட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் பிரசவத்துக்கு உதவ அத்தை கினிகத்தேனைக்குப் போய் இரண்டு மாதம் தங்கியபோது, அங்கே நாலு பூசணி விதை ஊன்றிவிட்டேன்.

திரும்பி வந்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கி, பையும் கையுமாக நேரே அங்கேதான் வந்தார். வாசலைக் காணோம். பூசணிக் கொடி பூவும் பிஞ்சுமாக முழங்கால் உயரத்துக்குப் பின்னிக் கிடந்தது.

“அதுக்கென்னங்க அத்தை, லீக்ஸத் தாண்டிப் போங்க,” என்றேன்.

“வீட்டுக்காரி சொவரேறிக் குதிப்பாளாடி?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கண் நிறைந்திருந்தது. ஒரு பூசணிக்குப் போய் இவ்வளவா என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. வேறு வழியில்லாமல் கொடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போனார். போனவர் திரும்பி நின்று, ஊரிலிருந்து வந்த விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல என்னைக் கூப்பிட்டார்.

“வாம்மா. உள்ள வா.”

தன் வாசலில் நின்று ஒருவரை வா என்று அழைக்க அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று எனக்கு அப்போது என்ன தெரியும்? கையை விட்டால் பிஞ்சு உடைந்துவிடும், என்னால் வரமுடியாது என்று சொல்லிவிட்டு, வெளியிலேயே நின்றேன்.