கடைசிக் குழாயில் மஞ்சள்

ஓலைக்குடிப்பட்டியில் வெறுமனே பொற்கொடி என்று கேட்டால் யோசிப்பார்கள். "தண்ணி டெஸ்ட்டு பொற்கொடி" என்றால் சின்னப்பிள்ளைகூடக் கையை நீட்டி வீட்டைக் காட்டும். கந்தர்வக்கோட்டை மினி பஸ் திரும்புகிற முனையில், முந்திரித் தோப்பை ஒட்டிய ஓட்டு வீடு.

பிளஸ் டூவில் வேதியியலில் நல்ல மார்க் எடுத்தவள். மேலே படிக்க வைக்க வீட்டில் தோதுப்படவில்லை. கல்யாணமும் உள்ளூரிலேயே ஆகிவிட்டது. தண்ணீர் சோதிக்கப் பழக்குகிறோம், மகளிர் குழுவிலிருந்து ஒருத்தர் வாருங்கள் என்று ஆள் கேட்டபோது, "ஆசிட்டு கையில பட்டா வெந்துரும்டி" என்று மற்றவர்கள் பின்வாங்கினார்கள். இவள் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை அப்புறம் இறக்கவே இல்லை.

அவளிடம் இருப்பது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே சின்னச் சின்னக் குப்பிகள், சோதனைக் குழாய்கள், நிறம் ஒத்துப் பார்க்கிற அட்டை. எந்தக் குப்பி எதற்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். புளோரைடு கூடினால் பிள்ளைகள் பல்லில் காவி ஏறும். நைட்ரேட் கூடினால் உரமோ சாணியோ சாக்கடையோ எங்கேயோ கலக்கிறது. குளோரினுக்குத் தனிக் குப்பி. அதிலிருந்து சொட்டு விட்டதும் தண்ணீர் இளமஞ்சளாக மாறினால், கிருமியைக் கொல்ல மருந்து மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மாறாவிட்டால் காவல் இல்லாத தண்ணீர். இன்னொரு பாட்டில் உண்டு. அதில் தண்ணீர் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து, கறுத்துப் போனால் கிருமி இருக்கிறது.

மஞ்சள் பூசிய கையோடு அந்தக் குப்பிகளைத் தொடமாட்டாள். எந்தத் தண்ணீரைப் பிடிக்கப் போகிறாளோ அதே தண்ணீரில் குழாயை அலசிய பிறகுதான் பிடிப்பாள். வெயிலில் நிறம் பார்க்கமாட்டாள். நிழலுக்கு வந்து, பின்னால் வெள்ளைத் தாள் வைத்துத்தான் பார்ப்பாள். "பொண்ணு பாக்கப் போறவன்கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டான்" என்று அவள் அண்ணன் கண்ணுசாமி கேலி செய்வார். அவர் கொத்தனார். ரசமட்டத்தில் குமிழி ஒரு நூல் விலகினாலும் சுவரைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டுகிற ஆள். அந்தக் குணம் இரண்டு பேருக்கும் எங்கிருந்து வந்ததோ.

போன ஆடியில் கீழத்தெரு அழகியின் மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, கந்தர்வக்கோட்டை ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றும்படி ஆனது. பிள்ளை பிழைத்து வந்தது. வந்த அன்றே பொற்கொடி பெட்டியோடு போய், தெருவின் கடைசி வீடான அழகி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்தாள். சொட்டு விட்டாள். மஞ்சள் இல்லை. மறுநாள் பாட்டிலும் கறுத்தது. ஊராட்சித் தலைவர் சத்யபிரியாவிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

அங்கேதான் வினை பிடித்தது. ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் டேங்க் ஆபரேட்டர் ஆண்டியப்பன். முதலில் மேலத்தெருவுக்கு விடுவார். டேங்க் காலியானதும் மோட்டாரைப் போட்டு மறுபடி அரை டேங்க் நிரப்பிக் கீழத்தெருவுக்கு விடுவார். நிரப்புகிற ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிய வைத்து, தெளிந்ததை மட்டும் மேலே கொண்டுபோய் ஊற்றவேண்டும். ரெண்டாம் தடவை அவர் ஏறுவதே இல்லை என்று கீழத்தெரு முடிவு கட்டிவிட்டது.

"மேலத்தெரு சனத்துக்கு மருந்து, நமக்கு வெறுந்தண்ணி! முழங்கால் வலிக்குதாம், ஏற மாட்டாராம்!" என்று சுகுணா குரல் குழாயடியில் ஒலித்தது. கீழத்தெருவின் நடுவில் வீடு, இரண்டு பசுமாடு வைத்திருப்பவள். அவள் பேசினால் மைக் வேண்டாம். "ஆகஸ்ட் பதினஞ்சு கிராம சபையில ஆளை மாத்தலைன்னா பாருங்க."

பேச்சு தலைவர் வரைக்கும் போனது. "கிராம சபையில கேட்டா, நான் பொற்கொடி சொன்ன ரிசல்ட்டைத்தான் சொல்லணும்" என்றார் சத்யபிரியா.

பொற்கொடி டேங்க் அடிக்குப் போனாள். ஆண்டியப்பன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆத்தா, நீ சொன்னது நெசம்னா நான் திருடன். நீயே சொல்லு, நான் திருடனா?"

"நான் சொன்னதும் நெசம் மாமா. நீங்க மருந்து போட்டதும் நெசமா இருக்கலாம்ல?"

"ரெண்டும் எப்பிடி நெசமாகும்?"

டேங்க் அடிக் குழாயில் பிடித்துப் பார்த்தாள். கீழத்தெருவுக்குப் போகிற தண்ணீர்தான். பளிச்சென்று மஞ்சள். ஆனால் அதைச் சொன்னதும் சுகுணா சிரித்தாள். "நீ வர்றேன்னு தெரிஞ்சா போடத்தான் செய்வாரு."

அன்று சாயங்காலம் கண்ணுசாமி வேலை முடிந்து தங்கை வீட்டுக்குள் எட்டிப் பார்த்தபோது அவள் சோறு பொங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, குப்பியிலயே குடும்பம் நடத்துறியா?"

"அண்ணே, குளோரினு அழுக்கைக் கண்டா அதோட சண்டை போட்டே தீந்து போகும். டேங்குல இருக்கு, கடைசி வீட்டுல இல்ல. நடுவுல எங்கிட்டோ சண்டை நடக்குது."

"அப்ப எந்த வீட்டு வாசல்ல சண்டைன்னு போய்ப் பாரு. இங்க ஒக்காந்துருந்தா தெரியுமா?"

மறுநாள் காலை கீழத்தெருவுக்குத் தண்ணீர் விட்டதும் முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள். அங்கே மஞ்சள். அடுத்த வீட்டிலும் மஞ்சள். தெரு இறங்க இறங்க லேசாக வெளுத்தாலும் மஞ்சள்தான். சுகுணா வீட்டுக்கு முந்தின வீடு வரைக்கும் இருந்தது. சுகுணா வீட்டைத் தாண்டிய வீட்டில் சுத்தமாக இல்லை.

சுகுணா வீட்டுக் குழாய் குழிக்குள் இருந்தது. கீழத்தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான். டேங்கிலிருந்து தூரம் என்பதால் தண்ணீர் நூலாக வரும். மண்ணைத் தோண்டிக் குழாயைத் தரைக்குக் கீழே இறக்கினால் குடம் சீக்கிரம் நிறையும். யார் குழி ஆழமோ அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் ஜாஸ்தி. சுகுணா வீட்டுக் குழிதான் தெருவிலேயே ஆழம். இறங்கப் படியெல்லாம் வைத்திருந்தாள். குழாயில் ஒரு ரப்பர் டியூப் மாட்டி, அதன் நுனி எப்போதும் குழியில் கிடக்கும். பாத்திரம் கழுவின தண்ணீரும் மாட்டுக் கொட்டகை கசிவும் அந்தக் குழியில்தான் தேங்கும்.

பொற்கொடி குழி ஓரத்திலேயே நின்றாள். நேரமானதும் ஆண்டியப்பன் வால்வை மூடினார். குழாயில் தண்ணீர் நின்றது. நின்ற மாத்திரத்தில் "களக், களக்" என்று ஒரு சத்தம். குழியில் மிதந்த சோப்பு நுரை மெல்லச் சுழன்று டியூபின் வாய்க்குள் போனது. தெருக்குழாய் காலியாகி இறங்கும்போது, குழியில் கிடந்ததை டியூப் உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது.

"சுகுணாக்கா! ஒங்க குழித்தண்ணி பைப்புக்குள்ள போகுது. அதைத்தான் மறுநாள் அழகி வீடு குடிக்குது."

"ஏன் சொல்ல மாட்ட? மாமனைக் காப்பாத்த என் வீட்டு வாசல்தான் கெடச்சுச்சா ஒனக்கு?" சுகுணா விறுவிறுவென்று உள்ளே போய்ச் சொட்டு நீலப் பாட்டிலோடு வந்தாள். "இந்தா, முழுசா ஊத்து. நாளைக்கு அழகி வீட்டுக் குழாய்ல நீலமா வரட்டும், ஒத்துக்கிறேன். வரலைன்னா, ஆண்டியப்பன் வேலையோட ஒன் பொட்டியும் போகணும். சம்மதமா?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பொற்கொடி குழியைப் பார்த்தாள். இன்னும் உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தது.

"சம்மதம்க்கா. நீங்களே ஊத்துங்க."

சுகுணா பாட்டிலைக் கவிழ்த்தாள். குழி மொத்தமும் ஊதா நீலமானது. கீழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் பொற்கொடி நடந்தே போய், காலையில் முதல் தண்ணீரை யாரும் பிடிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் அழகி வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். ஆண்டியப்பன் மட்டும் வரவில்லை. வால்வைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அழகி குழாயடியில் எவர்சில்வர் குண்டான் வைத்தாள். முதலில் "புஸ்" என்று காற்று வந்தது. பிறகு காவித் தண்ணீர். யாரோ சிரித்தார்கள். பொற்கொடி குழாய் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நீலம் வந்தது.

மெலிதாக, பிறகு சந்தேகமே இல்லாத நீலமாக, குண்டானில் சுற்றிச் சுற்றி நிறைந்தது. "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு வால்வுப் பக்கம் ஓடின. கண்ணுசாமி தலையில் இருந்த துண்டை உருவிக் காற்றில் சுழற்றினார். அவர் அப்படிச் செய்து ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

சுகுணா குண்டானையே பார்த்தாள். "அப்ப... என் கொட்டகைத் தண்ணியவா இந்தப் புள்ள குடிச்சுச்சு?" என்றாள். அழகியின் மகளை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்தாள். தெருவில் முதலில் மூடிய குழி அவளுடையதுதான்.

மற்றக் குழிகளை ஆட்கள் மூடினார்கள். கண்ணுசாமி ஒவ்வொரு வீட்டிலும் குழாயை இடுப்பளவு தூக்கி, மேடை கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே அடுத்த வீட்டுக்குப் போனார். உயரத்தில் குடம் நிறையுமா என்று கேட்டவர்களுக்கு ஆண்டியப்பனே வழி சொன்னார்: இனிமேல் டேங்க் தளும்ப இருக்கையில் கீழத்தெருவுக்கு முதலில் விடுவது, பக்கத்தில் இருக்கிற மேலத்தெருவுக்குப் பிறகு விடுவது. பைப்பில் மருந்து கூட்டி விட்டு, இரண்டு நாள் கழுவித் திறந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் பதினைந்து காலை, கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு கிராம சபை கூடியது. சத்யபிரியா எழுந்து, "டேங்க் ஆபரேட்டரை மாத்தணும்னு ஒரு புகார் இருந்துச்சு" என்று ஆரம்பிப்பதற்குள் சுகுணாவின் குரல் முந்திக்கொண்டது.

"அந்தப் புகாரைச் சொன்னதே நாந்தாங்க. நானே வாபஸ் வாங்கிக்கிறேன். அந்த மனுசன் மேல ஒரு தப்பும் இல்ல. வேணும்னா ஏணிக்கு ஒரு கைப்பிடி போட்டுக் குடுங்க, முழங்கால் பாவம்."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. ஆண்டியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பொற்கொடி அன்று காலையிலேயே அழகி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்திருந்தாள். வேப்பமர நிழலில், எல்லார் முன்னாலும் சொட்டு விட்டாள். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தாள். ஆண்டியப்பன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இம்புட்டுக்காணு மஞ்சளா ஆத்தா? இதுக்கா என் வேலை போகப் பாத்துச்சு?"

"இம்புட்டுக்காணு இருந்தாப் போதும் மாமா."

அவர் சோதனைக் குழாயை வாங்கி, கீழத்தெருச் சனங்கள் பக்கம் உயர்த்திக் காட்டினார். ஒருத்தர் விடாமல் பார்த்து முடிக்கிற வரைக்கும் கையை இறக்கவில்லை.

அழகி வீட்டு வாசலில் முந்தாநாள் பிடித்து வைத்த பாட்டில் இருந்தது. அது கறுக்கவே இல்லை.