பச்சைப் புல்லுக்கு இறைத்த தண்ணீர்

1. ஒரு கடிதம்

வவுணதீவில் உப்புத்தண்ணீர் வாவியை ஒட்டியிருந்த அந்த வீட்டில் நான் தோட்ட வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வீட்டுக்காரர், நான் ‘சேர்’ என்று கூப்பிடுகிறவர், ஒரு படத்தைக் காட்டினார். அமெரிக்காவில் அவர் இருபது வருடம் குடியிருந்த வீடு. முன்னால் மதில் இல்லை, வேலி இல்லை. தெருவரைக்கும் ஒரே புல். பாடசாலை மைதானத்தில் பதினான்கு வருடம் புல் வெட்டியவன் நான். அப்படியொரு புல்லைக் கண்டதில்லை.

அங்கே போன புதிதில், வேலை மும்முரத்தில் அவர் இரண்டு கிழமை புல் வெட்டவில்லையாம். குடியிருப்புச் சங்கத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டதாம்.

“பக்கத்து வீட்டுக்காரன் என்னோட கதைக்கிறதையே விட்டுட்டான். அதுக்குப் பிறகு என்ட புல்லில ஒருத்தரும் குறை சொன்னதில்ல.”

சொல்லும்போது அவர் முகம் சுருங்கியது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவருக்கு இங்கேயும் அந்தப் புல் வேண்டியிருந்தது.

நிழலில் புல் வராதென்று இரண்டு மாமரங்களைத் தறித்தோம். வல்லாரை தானாக முளைத்த மண்ணில் களைநாசினி அடித்து, மலேசியன் புல் பதித்தோம். கோரை தலைகாட்டினால் குந்தியிருந்து கிழங்கோடு கிண்டி எடுப்பேன். ஆறு மாதத்தில் ரோட்டால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்தால் இதை எழுதுவதில் பொருளில்லை.

2. பின்னேர மோட்டர்

அடுத்த வருடம் கோடை கடுமை. ஆவணியில் சேரின் மகள் அமெரிக்காவிலிருந்து வருவதாக இருந்தது. காலையும் பின்னேரமும் எங்கள் கிணற்றில் மோட்டரைப் போட்டு இறைத்தேன்.

பக்கத்து வளவில் பூரணம் அக்கா தனியாக இருந்தார். கத்தரியும் பயிற்றையும் வைத்துப் பிழைத்தவர். அவருடைய கிணறு வாவிக்கு இன்னும் கிட்ட. ஒரு காலை, செம்பில் தண்ணீரோடு வேலியடிக்கு வந்தார்.

“குடிச்சுப் பாருங்க தம்பி.”

உப்புக் கரித்தது. நாங்கள் நல்ல தண்ணீரை இழுக்க இழுக்க, வாவித் தண்ணீர் அவருடைய கிணற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

“பின்னேரத்தில மட்டும் மோட்டரப் போடாதீங்க. எனக்கு அது போதும்.”

சேரிடம் சொன்னேன். மகள் வந்து போகட்டும், பிறகு பார்ப்போம் என்றார்.

பின்னேரங்களில் அவர் பட்டணத்துக்குப் போய்விடுவார். நான் மோட்டரைப் போடாமல் விட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஓரத்தில் புல் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. போட்டேன். ஒவ்வொரு பின்னேரமும் போட்டேன்.

மகள் வந்து நான்கு நாள் நின்றார். நுளம்புக் கடிக்குப் பயந்து அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை.

3. கிணறு

கத்தரி கருகியது. மாரி மழை பெய்தும் பூரணம் அக்காவின் கிணற்றில் உப்புப் போகவில்லை. வளவைச் சேருக்கே விற்றுவிட்டு பனிச்சங்கேணியில் மகனிடம் போனார். அந்தக் கிணற்றைத் தூர்த்து அதன்மேல் புல் பதித்தவன் நான்தான்.

போன வருடம் அமிர்தகழிக் கோயில் தீர்த்தத் திருவிழாவில் அவரைக் கண்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். சுகம் விசாரித்தார். பிறகு, “புல்லு நல்லா இரிக்கா தம்பி?” என்றார்.

“ஓம் அக்கா” என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. புல் பதிக்குமுன் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். நானும் குடித்துப் பார்த்தேன். பார்த்த பிறகும் மோட்டரைப் போட்டேன்.