யாழினியோட கணைய நீர்க்கட்டிக்காக சிங்கப்பூர் போனோம்

போன வருஷக் கடைசியில என் நாலு வயசு மகள் யாழினியோட திருச்சில இருந்து சிங்கப்பூர் போனேன். சுத்திப் பாக்க இல்ல, ஆபரேஷனுக்கு. என் மனைவி பிரியா விபத்துல இறந்து அப்ப ஏழு மாசம். எனக்குன்னு மிச்சம் இருந்தது யாழினிதான். அவ வயித்து வலின்னு அழுதப்ப எடுத்த ஸ்கேன்ல, கணையத்தோட வால் பகுதியில ஒரு நீர்க்கட்டி. நான் ஸ்கேன் மெஷின் சர்வீஸ் பண்றவன். படத்தைப் பாத்து அளவைச் சரியா சொன்னேன். பயம்கூட வரல.

ஃப்ளைட் நாலு மணி நேரம். ஏர்போர்ட்ல இருந்து டாக்ஸில கால் மணி நேரத்துல பிடோக். பிரியாவோட அக்கா வீடு அங்கதான், அவங்களை நான் அண்ணின்னுதான் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரி பக்கம் ரூம் தேடாதீங்க, சொந்தக்காரங்க இருந்தா அங்கயே தங்குங்க. ரசம் கிடைக்கும்.

எம்.ஆர்.ஐ.ல கட்டிக்கும் கணையக் குழாய்க்கும் தொடர்பு தெரியல. அடிபட்டு வந்த மாதிரியும் இல்ல. "பிறவியிலயே வந்ததா இருக்கலாம், ரொம்ப அபூர்வம். எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்தாதான் உறுதி"ன்னார் சர்ஜன். பக்கத்துலயே மண்ணீரல். அதையும் எடுக்க வேண்டி வந்தா ஆயுசுக்கும் தொற்று பயம். முடிஞ்சவரை காப்பாத்தறேன்னார்.

ஆபரேஷன் அன்னிக்கு வெறும் வயிறா வரச் சொல்லியிருந்தாங்க. வழியில காத்தோங் பிள்ளையார் கோயில்ல அண்ணி அஞ்சு நிமிஷம் நிக்கச் சொன்னாங்க. அவங்க யாழினியைக் கூட்டிட்டு உள்ள போனாங்க, நான் டாக்ஸியிலயே இருந்தேன். ஆஸ்பத்திரியில மயக்க டாக்டர் தமிழ்க்காரங்க.

"காலைல என்னம்மா சாப்பிட்டே?"

"ஒண்ணும் இல்ல. சாமி பொங்கல் மட்டும்."

அண்ணி சிங்கப்பூர்ப் பேச்சுலயே பதறிட்டாங்க. "ஒரே வாய் டாக்டர்! பிரசாதம் லா, அது சாப்பாடா?"

"வயித்துக்கு எல்லாம் சாப்பாடுதான் ஆன்ட்டி. மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போனா ஆபத்து. மத்தியானம் பண்ணலாம்."

கூட வந்திருந்த அண்ணி வீட்டுக்காரர், என் சகலை, சிரிச்சுட்டார். "தடையை நீக்கச் சொல்லிப் போனா, தடையையே ஊட்டிவிட்டு வந்திருக்கே!"

அண்ணி அழுதாங்க. எனக்குக் கோபம் வரல. எதுவும் வரல. "காத்திருப்போம் அண்ணி"ன்னேன்.

சாயங்காலம் சர்ஜன் வெளிய வந்தார். "கட்டியோட சேர்த்து கணைய வால்லயும் கொஞ்சம் எடுத்தாச்சு. மண்ணீரல் பத்திரம்." சில நாள்ல ரிப்போர்ட்டும் வந்துச்சு. பிறவிக் கட்டிதான், புற்றுநோய் இல்ல. முழுசா எடுத்தாச்சு.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். பழைய ஸ்கேனை ஃபிலிமா மட்டும் இல்லாம சிடியிலயும் கொண்டு போங்க. விசா, தங்கற நாள் எல்லாம் தாராளமா வெச்சுக்கோங்க, தையல் ஆற அவசரப்படுத்த முடியாது.

கிளம்பறதுக்கு முதல் நாள் பிடோக்ல எம்.ஆர்.டி ரயில் ஏறி, பூகிஸ்ல மாறி லிட்டில் இந்தியா போனோம். யாழினி ஒரு தோசையை முழுசா முடிச்சுட்டு என் தட்டுல கை வெச்சா.

"அப்பா, உனக்கு வேணாமா?"

வேணும்னு தோணுச்சு. ரொம்ப மாசத்துக்கப்புறம் எனக்குப் பசிச்சுது. இன்னொரு தோசை சொன்னேன்.