கசக்காத ஃபெர்னெட்

மதியச் சாப்பாட்டுக்குக் கதவு திறப்பதற்குச் சற்று முன்னால், எங்கள் உணவகத்தில் எல்லோரும் நின்றபடியே ஒரு வாய் கசப்புக் குடிப்போம். வாசலில் இத்தாலியப் பெயர்ப்பலகை. அடுப்படியில் யாழ்ப்பாணத்தார் சிலர், மன்னாரார் சிலர், மட்டக்களப்பார் ஒருவர். மதுமேசைக்குப் பின்னால் ஓர் ஆர்ஜென்ரீனாக்காரன். இத்தாலியர் என்று முதலாளி ஒருவர்தான் உண்டு, அவரும் குளிர் தொடங்கினால் ஃபுளோரிடாவுக்குப் போய்விடுவார்.

ஆர்ஜென்ரீனாக்காரன் சின்னக் கிளாஸ்களைப் பரப்பிவைத்துக் கறுத்த போத்தலைச் சாய்ப்பான். ஃபெர்னெட். என்ஜினிலிருந்து வடித்த பழைய ஒயிலின் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் புதினாக் குளிர்ச்சி, அதன் கீழே மருந்துக்கடை, அதற்கும் கீழே மழை நனைத்த வேர். வாயில் விட்டதும் நாக்கின் அடிப்பக்கத்தில் யாரோ பழைய கதவொன்றை இழுத்துச் சாத்துவது போலிருக்கும். முதல் முறை நான் கழுவுதொட்டிக்கு ஓடியிருக்கிறேன். மட்டக்களப்பார் சிரித்துச் சிரித்து, "அண்ணை, கறிவேப்பிலைக்கும் வேப்பிலைக்கும் வித்தியாசம் தெரியாம வளந்தனீங்களோ?" என்று கேட்டார். பிறகு பழகிவிட்டது. கசப்புக்குப் பழகுவது பெரிய விசயமில்லை. பழகிய கசப்பு ஒருநாள் இல்லாமற்போகும்போதுதான் மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். அதை நான் என் வீட்டில் பார்த்தேன்.

இந்தச் சாராயம் பிறந்தது இத்தாலியின் வடக்கே. வயிற்றுக்கு நல்லது, காய்ச்சலுக்கு நல்லது, வாந்திபேதிக்கு நல்லது என்று சொல்லி மருந்தாக விற்றார்கள். பிறகு பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களோடு அதுவும் கடல் கடந்தது. ஆர்ஜென்ரீனாவில், எங்கள் மதுமேசைக்காரனுடைய ஊரில், அதைக் கோலாவோடு கலந்து குடிக்கிறார்கள். கிளாஸ் இல்லாவிட்டால் பெரிய பிளாஸ்ரிக் போத்தலைக் குறுக்கே வெட்டி அதற்குள் ஊற்றிக் கைமாற்றிக் குடிப்பார்களாம். கல்யாணத்திலும் அதுதான், பந்து விளையாட்டிலும் அதுதான். "இத்தாலியன் எங்களைப் பார்த்துத் தலையில் அடிச்சுக்கொள்ளுவான் அண்ணை" என்பான். 'அண்ணை' என்ற ஒரு சொல்லை எங்களிடமிருந்து எடுத்துத் தன் ஆங்கிலத்தின் எல்லா மூலையிலும் வைத்திருக்கிறான். இப்போது இங்கேயும், அமெரிக்காவிலும், மதுமேசைக்குப் பின்னால் நிற்பவர்கள் ஒருவரையொருவர் கண்டால் அந்தக் கறுத்த போத்தலைத்தான் எடுக்கிறார்கள். வாடிக்கையாளர் இனிப்பைக் கேட்பார், வேலைக்காரர் கசப்பைக் கேட்பார்.

எனக்கு அதன் மேல் பொறாமை. ஒரு கசப்பு, எங்கோ புறப்பட்டு, எங்கோ போய், போன இடத்தில் இப்படி விரும்பப்படுகிறது. நாங்களும் எங்கள் கசப்பைக் கொண்டுதானே வந்தோம். அதைக் கோலாவில் கலந்து குடிக்க இங்கு யாரும் முன்வரவில்லை.

என் மனைவிக்குக் கொரோனா வந்து போனது. காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று. அவற்றோடு சேர்ந்து வெளியே போன மணமும் ருசியும் திரும்பி வரவில்லை. வரலாம், வராமலும் விடலாம் என்று டொக்டர் சொன்னார். மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் வந்தது. அவளுக்கு வருசங்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

அவள் மன்னார்க்காரி. நகரத்தின் கிழக்குப் புறத்தில், அஜின்கோர்ட்டில், எங்கள் ரவுன்ஹவுஸ் குசினியிலிருந்து எத்தனையோ வீட்டுக் கொண்டாட்டங்களுக்குச் சமைத்துக் கொடுத்தவள். உணவகத்தில் நாங்கள் கரண்டியால் எடுத்துச் சுவைத்து, கரண்டியைக் கழுவப் போடுவோம். அவள் அப்படியில்லை. அகப்பையிலிருந்து ஒரு சொட்டு இடது உள்ளங்கையில் விட்டு, கையைக் குழித்து, நாக்கு நுனியால் தொடுவாள். கண் ஒரு கணம் மூடும். பிறகு, புளி காணாது என்றோ, இறக்கலாம் என்றோ ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தூரத்து விட்பியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ருசி போன பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. சொட்டு விடுவாள், நக்குவாள், கண்ணை மூடுவாள். மூடிய கண் திறக்க நேரமாகும். பிறகு மகளைக் கூப்பிடுவாள்.

"பிள்ளை, உப்புப் பார்."

"இற்ஸ் ஃபைன் அம்மா."

"ஃபைன் எண்டா என்ன? கூடவோ குறையவோ?"

"ஐ டோன்ற் நோ... இற்ஸ் குட்."

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கறி நல்லதா இல்லையா என்றுதான் தெரியும், அதில் என்ன குறை என்று தெரியாது. அவளில் பிழை இல்லை. பெரிய ஓடர்களை மனைவி ஒவ்வொன்றாக விட்டாள்.

அவள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெள்ளியன்று கோவிலுக்குப் போய் வந்ததும், கஞ்சிக்கு முன், பாவற்காயை இடித்துப் பிழிந்த சாற்றில் ஆளுக்கு ஒரு மிடறு. சிலுவையில் ஆண்டவருக்குக் கசப்பைக் கொடுத்தார்களே, அந்த நினைவுக்கு. சின்ன வயதில் அண்ணன் தம்பிகள் முகத்தைக் கோணிக்கொண்டு முற்றமெல்லாம் ஓடுவார்களாம். இங்கு வந்த பிறகும் அவள் அதை விடவில்லை. மகள் வருசா வருசம் துப்புவாள், இவள் வருசா வருசம் ஏசுவாள்.

இந்த வருசம் பிழிந்தாள். எங்களுக்கு ஒவ்வொரு மிடறு தந்தாள். தன் பங்கைக் குடித்தாள். நின்றாள். பிறகு மிச்சமிருந்த சாற்றையும் கிளாஸில் விட்டுத் தண்ணீர் குடிப்பது போல முழுவதும் குடித்தாள்.

"அவருக்குக் கசந்தது," என்றாள். "எனக்குக் கசக்கேல்லை."

கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேலே போனாள். கஞ்சியை நானும் மகளும்தான் குடித்தோம்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த கையோடு அஜக்ஸிலிருந்து ஓர் அக்கா போன் எடுத்தார். பேரப்பிள்ளைக்கு மே மாதம் புதுநன்மை, முதன்முதல் நற்கருணை வாங்கும் நாள். ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, ரோல்ஸ், எல்லாம் இவளுடைய கையால்தான் வேண்டும். "எனக்கு ஏலாதக்கா" என்று இவளுடைய வாய் தொடங்கியது. அது முடியவில்லை. "வாற ஞாயிறு பூசை முடிய எடுத்துச் சொல்லுறன்" என்று முடிந்தது.

அந்த ஒரு வாரம் அவள் எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்த்தாள். தேசிக்காய்த் தோல். கராம்பு. உள்ளி பச்சையாக. மருந்துக் குளிசை ஒன்றை நாக்கில் வைத்துக் கரையவிட்டாள். நான் பார்க்காதது போல இருந்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மதியம் ஆர்ஜென்ரீனாக்காரன் கிளாஸை நீட்டியபோது, குடிக்காமல் கேட்டேன்: "இதைவிடக் கசப்பு வேற ஏதும் உண்டோ?"

"எதுக்கு அண்ணை?"

சொன்னேன். அவன் பகிடிக்காரன், ஆனால் சிரிக்கவில்லை. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். உள்ளே என்னென்ன கிடக்கிறது என்று விரல் மடக்கிச் சொன்னான். குங்குமப்பூ, கற்றாழை, ஏதேதோ வேர்கள். பிறகு ஆங்கிலத்தில் ஒரு பெயர். அது என்னவென்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வெள்ளைப்போளம், அந்தக் கசப்புப் பிசின். ஆண்டவர் பிறந்தபோது மூன்று அரசர்கள் கொண்டுவந்தது. பிறகு சிலுவையடியில் மதுவில் கலந்து நீட்டப்பட்டது.

"என்ர அப்பா செத்துக் கிடந்தாலும் இதை வாயில விட்டா எழும்பி ஏசுவார்" என்றான். "ஒரு போத்தல் வாங்கிக் குடுங்கோ அண்ணை. இது கசக்காட்டி உலகத்தில ஒண்டும் கசக்காது."

அவன் ஆறுதலுக்குத்தான் அப்படிச் சொன்னான். சப்வேயில் கென்னடி ஸ்ரேசன் வரைக்கும், பிறகு பஸ்ஸில், அரசாங்க மதுக்கடையின் கடதாசிப் பையில் சுற்றிய போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வாக்கியத்தின் மற்றப் பக்கத்தையே யோசித்துக்கொண்டு வந்தேன். பஸ் கண்ணாடிக்கு வெளியே வீதியோரப் பழைய பனி அழுக்காகி ஒழுகியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் மூவரும் குசினி மேசையில் இருந்தோம். போத்தலைத் திறந்தேன். மகள் மூக்கைச் சுளித்தாள்.

"அப்பா, வாற் இஸ் தற்? கராஜ் மாதிரி மணக்குது."

"உதென்ன சாராயமோ?" என்றாள் மனைவி. "பூசைக்குப் போட்டு வந்து சாராயம் குடிக்கிற குடும்பம் எண்டு பக்கத்து வீட்டுச் சீனத்தி நினைக்கப்போறா."

"மருந்து" என்றேன். "வெள்ளைப்போளம் கிடக்கு இதுக்குள்ள."

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் மாறிவிட்டது. சிலுவை அடையாளம் போட்டாள். சின்னக் கிளாஸைக் கையில் எடுத்து, மற்றக் கையால் மூக்கை இறுக்கிப் பொத்தி, கண்ணை மூடி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஒரே மடக்கில் விழுங்கினாள். கீழே வைத்தாள். பேதி மருந்தும் வேப்பெண்ணெயும் அப்படித்தானே எங்களுக்குப் பருக்கினார்கள். கசப்பு நாக்கில் படக்கூடாது என்பதற்காகவே ஒரு தலைமுறை முழுக்கப் பழக்கிவைத்த வித்தை அது.

"கசந்ததோ?" என்றேன், கேட்டுக்கொண்டே அந்த முட்டாள்தனம் விளங்க.

"மூக்கைப் பொத்தினா எப்பிடியம்மா தெரியும்!" மகள் கத்தினாள். மூவரும் சிரித்தோம். அந்தக் குசினியில் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம். இருமல் வரும் வரைக்கும் சிரித்தோம்.

"சரி, இன்னொருக்கா விடுங்கோ."

இரண்டாவது கிளாஸ். "மெதுவா" என்றேன். "நாக்கில விட்டு வைச்சிரும். விழுங்காதேயும்."

அவள் கிளாஸைச் சாய்க்கவில்லை. இடது உள்ளங்கையைக் குழித்து அதில் கொஞ்சம் விட்டாள். கறுப்பு, கைரேகைகளுக்குள் ஓடியது. குனிந்து நாக்கு நுனியால் தொட்டாள். பிறகு முழுவதையும் உறிஞ்சி வாய்க்குள் வைத்திருந்தாள். கண் மூடியிருந்தது. குளிர்பெட்டி இரைந்தது. மகள் தன் போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் என்ன செய்தேன்? என் நாக்கை வாய்க்குள் அசைக்காமல் வைத்திருந்தேன், அசைத்தால் அவளுடையதைக் குழப்பிவிடுவேன் என்பது போல.

விழுங்கினாள்.

"சூடு," என்றாள்.

"சூடு மட்டுமோ?"

"ஓம். தொண்டையில எரியுது. வேற ஒண்டும் இல்லை."

மகள் போத்தலை இழுத்துத் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டாள். அவள் முகம் போன போக்கு! துள்ளி எழும்பித் தண்ணீர்க் குழாயடியில் நாக்கை நீட்டினாள். மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை பெய்கிற வீதியை ஜன்னலுக்குள்ளிருந்து பார்க்கிறவர்களின் பார்வை அது.

"நீங்கள் சொல்லுங்கோ," என்று என் பக்கம் திரும்பினாள். "எப்பிடிக் கசக்குது?"

நான் குடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். முதலில் குளிரும், பிறகு வேர் மாதிரி வரும், பிறகு காய்ச்சல்காரன் வாய் மாதிரி... நிறுத்தினேன். பாவற்காய் மாதிரி என்றால் எந்தப் பாவற்காய்? வேப்பம்பூ மாதிரி என்றால் எந்த வேப்பம்பூ? ஒன்றைச் சொல்ல இன்னொன்று வேண்டும், அந்த இன்னொன்றும் அவளிடம் இல்லை. நான் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டினாள், பிள்ளை பாடம் ஒப்புவிக்கும்போது தாய் ஆட்டுவது போல.

"சரி, விடுங்கோ," என்றாள்.

போனை எடுத்து அஜக்ஸ் அக்காவுக்கு அடித்தாள். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

"என்ன பிள்ளை, செய்யிறீர்தானே?"

"இல்லையக்கா. வேற ஆரையும் பிடியுங்கோ."

"உமக்கு ருசி தெரியாட்டி என்ன? பழகின கை. கை தன்ர பாட்டில போடும்."

"கைக்கு நாக்கில்லை, அக்கா. பிள்ளையின்ர புதுநன்மை. பந்தியில இருக்கிற சனம் முகத்தைச் சுழிச்சா என்னாலை தாங்கேலாது."

செபமாலை சொல்லிப் பாரும், வரும் என்றார் அக்கா. இவள் ஓம் ஓம் என்றாள். அதுதான் கடைசி ஓடர். பிறகு யாருக்கும் இவள் "எடுத்துச் சொல்லுறன்" என்றுகூடத் தவணை சொன்னதில்லை.

போத்தலை நான் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அடுத்த நாள் அது கீழ்த்தட்டுக்கு வந்திருந்தது. சாப்பாட்டுக்கு முன் அவளே ஒரு சின்னக் கிளாஸ் விட்டுக்கொள்கிறாள். வெறிக்காக அல்ல. விழுங்கியதும் தொண்டை எரிகிறதே, அந்த எரிவு அணைவதற்குள் அவசர அவசரமாக ஒரு பிடி சோற்றையும் கறியையும் வாயில் திணிக்கிறாள். எரிகிற வெளிச்சத்தில் ஏதாவது தட்டுப்படுமா என்று பார்க்கிறாள். பிறகு மெல்லுவது மெதுவாகிறது. பிறகு வெறும் மெல்லுதல்.

ஆர்ஜென்ரீனாக்காரன் கேட்டான், "உங்கட மனிசி என்ன சொன்னவ?" அவனுடைய நம்பிக்கையை நான் உடைக்க விரும்பவில்லை. "விருப்பமாக் குடிக்கிறா" என்றேன். அவன் மேசையில் தட்டினான். உலகத்தில் இன்னொரு வீட்டையும் பிடித்துவிட்டது தன் ஊர்க் குடி என்ற சந்தோசம். என் கிளாஸையும் நிரப்பினான். குடித்தேன். எனக்கு அது இன்னும் கசக்கிறது. ஒவ்வொரு நாளும், குறையாமல், கசக்கிறது. வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

நேற்று மத்தியானம் எனக்கு வேலை இல்லை. மேசையில் எதிரே இருந்தேன். அவள் கிளாஸை விழுங்கிவிட்டுச் சோற்றில் கை வைத்தவள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"என்னப்பா?"

"எரியிறதும் குறைஞ்சுபோச்சு," என்றாள். "முந்தி மாதிரி இல்லை."

"இன்னும் கொஞ்சம் விடட்டோ?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பிறகு தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள். கையைத் தட்டு ஓரத்தில் உதறிவிட்டுச் சோற்றை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்கள் சாப்பிடுங்கோ. ஆறப்போகுது."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. ஒரு சொல்லும் சொல்லாமல் முழுவதையும் சாப்பிட்டேன்.