எதிர்க்கடைத் தோசை

நாகர்கோவிலில் மதியம் ஏறிய சேலம் பஸ், சாயங்காலம் மதுரை தாண்டிப் பரவையில் ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் நிற்கிறது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அங்கே ஓசிச் சாப்பாடு. அதனால் வெளியூர் பஸ்ஸெல்லாம் அங்கேதான் நிற்கும்.

நேர் எதிரே, போன மாதம் திறந்த ஓலைக் கொட்டகை. கடைக்கார அக்கா தோசைக்கல்லை ரோட்டோரமாகவே வைத்திருக்கிறார். வெங்காயம் முறுகும் வாசம் ஜன்னல் வழியாக ஏறி வருகிறது. பஸ்ஸில் பாதிப் பேர் ரோட்டைத் தாண்டிவிட்டோம்.

முதல் தோசை இலையில் விழும்போதே டிரைவர் வண்டியைக் கிளப்பி ஆரன் அடிக்கிறார். நான் பதறி எழுகிறேன்.

"உக்காருங்கண்ணே. தெனமும் இதே கூத்துதான். இம்புட்டுப் பேர விட்டுட்டு வண்டிய எடுத்துருவாராக்கும்?" என்கிறார் அக்கா.

வேறு ஒருவரும் எழவில்லை. ஆரன் நீளமாக அலறி ஓய்கிறது. கடைசியில் இன்ஜினை ஓடவிட்டபடியே டிரைவர் இறங்கி வந்து கத்துகிறார்.

"ஏறுறீங்களா, இல்லையா?"

அக்கா தோசையைத் திருப்பிப் போடுகிறார்.

"ஒங்களுக்கும் ஒண்ணு ஊத்தவாண்ணே? ஆனா இங்க காசு குடுக்கணும்."

டிரைவர் கொஞ்ச நேரம் கல்லையே பார்க்கிறார். பிறகு போய் இன்ஜினை அணைத்துவிட்டு வருகிறார்.