என் இரத்தம் நண்டு கேட்டது

லிங்கநகரில் நாங்கள் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகையில் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். பேய் இளவரசன் ஒருவன் தன் இரத்தத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுப்பான். குடித்தவள் அவனில்லாமல் இருக்க ஏலாமல் கிடந்து துடிப்பாள். வாசகர்கள் பதினொரு பேர், என்னையும் சேர்த்து. அதை உண்மையென்று நம்பியவன் நான் ஒருவன்தான்.

பக்கத்து ஒழுங்கையில் ஒருத்தி இருந்தாள். துறைமுகக் கந்தோரில் தட்டெழுத்து வேலை. அவளுக்கு வயிற்றில் ஒப்பரேசன் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய் ஒரு போத்தல் இரத்தம் கொடுத்தேன். அந்தச் சிவப்பைப் பார்த்து மயங்கி விழுந்ததை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை.

அவள் வீடு வந்தபிறகு பின்னேரந்தோறும் போய் நிற்பேன்.

"என்ர இரத்தம் எப்பிடி இருக்குது?"

"இண்டைக்கு நண்டு கேக்குது."

மூதூர் லோஞ்சில் வரும் இலங்கைத்துறை நண்டுக்காக இறங்குதுறையில் காய்ந்துகொண்டு நிற்பேன். அவள் நண்டுக்காலை உறிஞ்சுவதைப் பார்க்கும்போது என் கதை பலிக்கிறது என்று புல்லரிக்கும்.

ஒரு வருடத்தில் அவளுக்கு ஒரு கிளாக்கர் மாப்பிள்ளையைப் பேசி முடித்தார்கள். நான் அவளுடைய தாயிடம் ஓடினேன்.

"அவவின்ர உடம்பில ஓடுறது என்ர இரத்தம், அம்மா!"

தாய் கண்ணைத் துடைத்தார். "ஓம் தம்பி, அதைத்தான் நாங்களும் கதைச்சனாங்கள். எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. ஒரே இரத்தமெண்டால் நீங்கள் அவளுக்கு அண்ணன்தானே? தோழனா நிண்டு மாப்பிளைக்குக் கால் கழுவிவிடுங்கோ."

பேய் இளவரசனுக்கு இப்படியொரு முடிவு எனக்கே தோன்றியிருக்கவில்லை.

குசினி வாசலில் அவளிடம் கெஞ்சினேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"அந்தப் போத்தல் எனக்கு ஏத்தேல்லை. உங்கட வகை எனக்குச் சரிவராதாம். மூதூர் வியாபாரி ஒருத்தருக்குத்தான் ஏத்தினது."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நண்டு நல்லா இருந்தது."

"அம்மாவிட்டச் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ. பிறகு என்னெண்டு இந்த வீட்டுக்கு வருவீங்கள், அண்ணை?"

நான் சொல்லவில்லை. அண்ணன் என்றால் நண்டோடாவது வந்து போகலாம்.

கலியாணத்தன்று மாப்பிள்ளை வாசற்படியில் கால் இடறி, பெருவிரல் நகம் கிழிந்து வந்து நின்றார். செம்புத் தண்ணீரோடு குனிந்தேன். இரத்தம் கசிந்தது. தலை சுற்றியது. விழாமலிருக்க அவருடைய இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"கூடப்பிறந்தவனும் இப்பிடிப் பிடிக்கமாட்டான்," என்றாள் பின்னால் ஒருத்தி, மூக்கை உறிஞ்சியபடி.

உள்ளே யன்னலுக்குப் பின்னால் மணப்பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் காலை விடவில்லை.